வீட்டில் மோட்டார் சைக்கிளை உயர்த்தி நிறுத்தும் வழி

யந்திரம் ஒன்றை விலைகொடுத்து வாங்குதல் எளிது. வாங்கியதை வழுவின்றிப் பேணுதலே அரிது. மாடு வைத்திருப்பவன் அதன் குளம்பையும் கண்ணையும் நாள்தோறும் நோக்குகின்றான். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரோ, அஃது ஓடுங்காறும் அதன்மேல் அமர்வதன்றி அதன் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்க விரும்பும் சிலரும், வண்டியின் சக்கரத்தைத் தரையினின்று எழுப்ப வழியறியாமையால் அவ்விருப்பத்தைக் கைவிடுகின்றனர். பெருங் கடைகளிலுள்ள உயர்த்து மேடைகளைக் கண்டு, இத்தகைய சாதனம் செல்வர்க்கே உரியதென்று எண்ணி விடுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. ஆயினும், மலிவானது எதுவாயினும் போதும் என்று கொள்வது அதனினும் பெருந் தவறாகும். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள நேரிய வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடை விடுமுறையில் நாம் கண்கூடாகக் கண்ட நிகழ்ச்சியொன்றே இதனை எழுதத் தூண்டியது. நம் நண்பர் ஒருவர் சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியொன்று வைத்திருந்தார். பின்சக்கரத்தைக் கழற்ற விரும்பி, காருக்குரிய பழைய ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கி, எஞ்சினின் அடியில் வைத்துத் திருகினார். நாம் வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு துணை நின்றோம். சக்கரம் தரையைவிட்டு எழுந்தது. எழுந்ததே போதுமென்று மகிழ்ந்து நாம் கையை எடுத்தோம். நண்பர் அச்சின் நட்டை நெகிழ்க்க ஸ்பானரை அழுத்திய அக்கணமே வண்டி ஒருபுறம் ஆடி, ஜாக்கியினின்று வழுக்கித் தாழ்வாரத்தில் வீழ்ந்தது. பிரேக் லீவர் வளைந்தது. தரை ஓடுகள் இரண்டு உடைந்தன. சற்று முன்வரை அவ்விடத்தில் அமர்ந்து வேடிக்கை பார்த்திருந்த நண்பரின் தங்கை, தாய் அழைத்தமையால் உள்ளே சென்றிருந்தாள். அவள் அமர்ந்திருந்த இடத்திலேதான் வண்டியின் கைப்பிடி கிடந்தது.

ஓசை கேட்டுத் தெருமுனைப் பட்டறையிலிருந்து வந்த முதிய மெக்கானிக், வண்டியை எங்களோடு சேர்ந்து தூக்கி நிறுத்தினார். பின்னர் ஜாக்கியைக் கையிலெடுத்துப் பார்த்து, “தம்பி, தூக்குறது ஜாக்கி, தாங்குறது கட்டை. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுட்டீங்க, அதான் விழுந்துடுச்சு” என்றார். அவர் பௌதிக நூல் கற்றவரல்லர். ஆயினும் இப்பொருள்பற்றி நாம் கூறப்போவன யாவும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளன. உயர்த்துதல் ஒரு தொழில். தாங்கி நிறுத்துதல் வேறொரு தொழில். சாதனம் வாங்குவோர் முன்னதற்கே விலை கொடுத்துப் பின்னதை மறந்து விடுகின்றனர்.

எவ்வேலைக்கு எச்சக்கரம்?

ஒரு சாதனத்தை வாங்குமுன், அதனால் செய்ய வேண்டிய வேலை யாதென வரையறுத்தல் வேண்டும். வீட்டில் இயல்பாக நிகழும் வேலைகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, செயினைத் துடைத்து எண்ணெயிடுதலும் அதன் தளர்ச்சியைச் சரிபார்த்தலும். இதற்குப் பின்சக்கரம் தரையைத் தொடாது சுழலுதல் போதும். இரண்டாவது, பின்சக்கரத்தைக் கழற்றுதல். டயர் மாற்றுதற்கும் பின் பிரேக்கைப் பழுதுபார்த்தற்கும் இது வேண்டப்படும். மூன்றாவது, முன்சக்கரத்தையோ முன் ஃபோர்க்கையோ கழற்றுதல். நான்காவது, எஞ்சினை இறக்குதல் போன்ற பெருவேலை.

இவற்றுள் முதலாவதே அடிக்கடி நிகழ்வது. செயினைச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கவனித்தல் நல்ல வழக்கம். ஆண்டொன்றுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் இருபது முறை இதனைச் செய்ய வேண்டியவராவர். சக்கரங்களைக் கழற்றுதல் ஆண்டுக்கு ஓரிருமுறை நேர்வதே பெரிது. எஞ்சினை இறக்குதலோ பலர் வாழ்நாளில் ஒருமுறையும் செய்யாதது. ஆகவே நான்காவது வேலையை மனத்திற்கொண்டு பெருஞ்சாதனம் வாங்குபவர், ஆழாக்கு அரிசி பொங்க அண்டா வாங்கியவரை ஒப்பர்.

முதல் வேலைக்கு மட்டுமாயின், காசில்லா வழியும் ஒன்றுண்டு. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, வெளியே தெரியும் செயின் பகுதிக்கு எண்ணெயிட்டு, பின்பு வண்டியை ஒரு சாண் முன்னே தள்ளி, மீண்டும் எண்ணெயிட்டு, இவ்வாறே சுற்று முழுதும் முடிக்கலாம். பொறுமையொன்றே இதற்கு மூலதனம். கையில் பொருளில்லா மாணவர் இதனை இழிவென்று கருத வேண்டுவதில்லை.

சென்டர் ஸ்டாண்டு என்னும் பழைய துணை

1956-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் செய்யப்படலாயின. அவற்றை வைத்திருந்த நம் முன்னோர் உயர்த்தும் சாதனத்தைத் தேடி அலைந்தாரல்லர். அவர்கள் வண்டியின் அடியிலேயே அது பொருத்தப்பட்டிருந்தது. சென்டர் ஸ்டாண்டு என்பது உண்மையில் ஒரு நெம்புகோலே. அதன் மிதியில் நம் உடல் எடையை ஊன்றும்போது, ஸ்டாண்டின் இரு கால்களும் தரையைப் பற்றிக்கொள்ள, வண்டி சிறிது பின்னே நகர்ந்து மேலெழுந்து அமர்கின்றது. கையால் தூக்குவது இங்கு மிகையே. காலால் மிதிப்பதே முறை. இதனையறியாது பின்பிடியை மட்டும் பற்றி இழுத்து இடுப்பு வலி கொள்வோர் பலர்.

ஏறத்தாழ 112 கிலோ எடையுள்ள ஸ்பிளெண்டர் முதலிய சிறு வண்டிகளிலும், 195 கிலோ எடையுள்ள புல்லட் 350-இலும் சென்டர் ஸ்டாண்டு காணப்படுகின்றது. ஆனால் யமஹா ஆர் 15, கே.டி.எம். டியூக் முதலிய விரைவு வண்டிகளில் அஃது இல்லை. எடையைக் குறைத்தற்கும், வளைவுகளில் வண்டி மிகச் சாயும்போது அடியில் ஒன்றும் உரசாதிருத்தற்கும் அதனை நீக்கினர். ஓட்டுவோர்க்கு அது நன்மையே. பேணுவோர்க்கு அஃதொரு குறையாயிற்று. உயர்த்தும் சாதனத்தைப் பற்றிய கேள்வி இக்காலத்தில் வீடுதோறும் எழுவதற்கு இதுவே காரணம்.

ஆதலின் முதற்கண் தம் வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டு பொருத்த இடமுண்டாவென்று பார்த்தல் வேண்டும். சில வண்டிகளுக்கு அவற்றைச் செய்தோரே அதனைத் தனி உறுப்பாக விற்கின்றனர். சேஸிஸில் அதற்குரிய துளைகள் இருப்பின், வேறெதனையும் நாடாமல் அதனையே வாங்குக. எங்குச் சென்றாலும் உடன் வருவதாலும், வழியில் டயர் பழுதுற்றபோதும் உதவுவதாலும், அதனினும் மலிவான சாதனம் வேறில்லை.

நெம்புகோலும் அடித்தளமும்

சாதனங்களின் வகையைக் கூறுமுன், அவை யாவற்றுக்கும் பொதுவான இரு விதிகளை நினைவூட்டுதல் நலம்.

முதலாவது நெம்புகோல் விதி. ஏறத்தாழ 168 கிலோ எடையுள்ள டியூக் 390 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடையிற் பாதி, அதாவது 84 கிலோ, பின்சக்கரத்தின்மேல் உள்ளதெனக் கொள்வோம். உயர்த்தும் ஸ்டாண்டில் பாரம் அமரும் இடம் சுழலச்சினின்று 15 சென்டிமீட்டர் தொலைவிலும், கை அழுத்தும் இடம் 60 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பின், நாம் அழுத்த வேண்டுவது 84-இல் நாலிலொரு பங்காகிய 21 கிலோவே. கைப்பிடி 30 சென்டிமீட்டராகக் குறுகினால் அது 42 கிலோ ஆகும். நீண்ட கைப்பிடியுள்ள ஸ்டாண்டை மெலிந்தவரும் கையாளலாம். குறுகியதை வலியவரும் தடுமாறியே கையாளுவர். ஆனால் இயற்கை எதனையும் இனாமாகக் கொடுப்பதில்லை. வண்டி 6 சென்டிமீட்டர் எழ வேண்டின் கைப்பிடி 24 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். வலிமையிற் பெற்ற ஆதாயத்தைத் தூரத்தில் கொடுத்து விடுகின்றோம்.

இரண்டாவது நிலைப்பு விதி. ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்தினின்று நேர்கீழாக இறங்கும் கோடு அதன் அடித்தளத்துக்குள் வீழுமளவும் அது நிற்கும். வெளியே வீழ்ந்தால் சாயும். வண்டியின் மையம் தரையினின்று 60 சென்டிமீட்டர் உயரத்திலும், தாங்கும் ஜாக்கியின் அடி 30 சென்டிமீட்டர் அகலத்திலும் உள்ளனவெனக் கொள்வோம். கணக்கிட்டால், வண்டியும் ஜாக்கியும் சேர்ந்து 14 பாகை சாயும் வரை தாங்கும். அதே வண்டியை இன்னும் 30 சென்டிமீட்டர் மேலே தூக்கினால், ஒன்பதரைப் பாகைச் சாய்வே அதனை வீழ்த்தப் போதும். ஜாக்கியின் தலையும் அடியைப்போல அகன்றிராவிடின் நிலை இன்னும் மோசமாகும். ஆதலின் உயரத் தூக்குதல் பெருமையன்று. சக்கரம் தரையை விட்டு இருவிரற்கடை எழுந்தால் செயின் வேலைக்கு அது போதும். நம் நண்பரின் வண்டி வீழ்ந்ததற்குக் காரணம் ஜாக்கியின் வலிமைக் குறைவன்று. அஃது ஒரு காரையே தூக்கவல்லது. அதன் தலை உள்ளங்கையினும் சிறியது என்பதே காரணம்.

சாதன வகைகள்

1. கைத்தாங்கு. இது முழ அளவினும் குறைந்த, தலையில் கவர் உள்ள ஒரு சிறு கோல். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை அந்த ஸ்டாண்டின் பக்கமாகச் சிறிது சாய்த்தால் பின்சக்கரம் எழும். அப்போது மறுபுறத்தில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடியில் இக்கோலை ஊன்றுவர். முன்சக்கரம், சைடு ஸ்டாண்டு, கோல் ஆகிய மூன்றும் அடுப்பின் மூன்று கற்கள்போல வண்டியைத் தாங்கும். தச்சரிடம் சொன்னால் கடினமான மரத்தில் செய்து தருவார். செயினுக்கு எண்ணெயிட இது போதும். எனினும் வண்டி முன்னே உருண்டால் சைடு ஸ்டாண்டு மடங்கிவிடும். ஆதலின் பழைய டியூப் துண்டொன்றால் முன் பிரேக் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிய பின்னரே இதனை வைத்தல் வேண்டும். சக்கரத்தைக் கழற்ற இஃது உதவாது.

2. பேடாக் ஸ்டாண்டு. பந்தய மைதானங்களினின்று வீடுகளுக்கு வந்தது இது. இரும்புக் குழாயால் அகன்ற வளைவாகச் செய்து, கீழே இரு சிறு உருளைகளும் பின்னே நீண்ட பிடியும் அமைத்திருப்பர். ஸ்விங் ஆர்மின் இருபுறமும் திருகிய பாபின்களை ஸ்டாண்டின் கவர்கள் பற்றிக்கொள்ளும். பாபினுக்குத் துளை இல்லாத வண்டிகளில், ரப்பர் ஒட்டிய தட்டைத் தாங்குகள் ஸ்விங் ஆர்மின் அடியையே ஏந்தும். பிடியை அழுத்தினால் சக்கரம் எழும். எழுந்த பின் பிடி தரையில் படிந்து ஸ்டாண்டு தானே நின்றுவிடும். இதில் உயர்த்துவதும் தாங்குவதும் ஒரே சட்டமாதலின், நாம் மேலே கூறிய வழு இங்கு நேர்வதில்லை. அடித்தளமும் அகன்றது. செயின் வேலைக்கும் பின்சக்கரம் கழற்றுதற்கும், சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி உடையவர் வாங்கத்தக்கது இதுவே என்பது நம் துணிபு. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும்.

முன்சக்கரத்துக்கு இதன் இணை தனியே உண்டு. அவற்றுள் ஒருவகை ஃபோர்க்கின் அடியை ஏந்துவது. மற்றொருவகை ஹாண்டிலின் கழுத்துத் தண்டின் துளையில் ஊசிபோல் நுழைந்து தாங்குவது. முன்னது மலிவு, ஆனால் ஃபோர்க்கையே கழற்ற வேண்டின் பின்னதே பயன்படும். எவ்வகையாயினும், பின்புற ஸ்டாண்டை முதலில் வைத்த பின்னரே முன்புற ஸ்டாண்டை வைத்தல் வேண்டும். இறக்கும்போது முன்புறத்தை முதலில் இறக்குதல் வேண்டும். இவ்வொழுங்கை மாற்றினால் வண்டி பக்கவாட்டில் சாயும்.

3. திருகு ஜாக்கி. கத்தரிபோல் மடிந்து விரியும் இச்சாதனத்தின் தலையில் அகன்ற தட்டு ஒன்றுண்டு. இரட்டைக் குழாய்ச் சட்டம் எஞ்சினின் அடியாகச் செல்லும் வண்டிகளுக்கு இது மிகப் பொருந்தும். சைலன்சரோ எண்ணெய்த் தொட்டியோ அடியில் துருத்தி நிற்கும் வண்டிகளுக்குப் பொருந்தாது. இதில் ஒரு நுட்பம் உளது. ஜாக்கியின் கைகள் தரையோடு எத்துணைப் படிந்திருக்கின்றனவோ அத்துணை வருத்தத்தோடு திருகு சுழலும். 100 கிலோ பாரத்துக்குக் கைகள் 15 பாகையில் இருக்கும்போது திருகின்மீது ஏறத்தாழ 373 கிலோ இழுவை நேரும். 45 பாகையில் அது 100 கிலோவாகக் குறையும். ஆதலின் ஜாக்கியின் அடியில் அதனினும் அகன்ற தடித்த பலகையை வைத்து, கைகள் சிறிது விரிந்த நிலையில் தொடங்குதல் நன்று. தொடக்கத்தில் திருகு அசையவில்லையென்று ஸ்பானரின்மேல் ஏறி மிதிப்போர் வண்டியைத் தாமே ஆட்டி வீழ்த்துகின்றனர்.

4. எண்ணெயழுத்த ஜாக்கி. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்னும் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அவர் நூல் அவர் மறைந்தபின் 1663-இல் அச்சேறியது. அதனைத் தொழிலுக்காக்கி 1795-இல் உரிமைச் சாசனம் பெற்றவர் ஆங்கிலேயராகிய ஜோசப் பிராமா. 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு பிஸ்டனை அழுத்தி 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரும் பிஸ்டனை எழுப்பினால் வலிமை 16 மடங்காகும். கைப்பிடியின் நெம்புதல் 10 மடங்கெனின் மொத்தம் 160 மடங்கு. உராய்வை நீக்கிப் பார்த்தால், 195 கிலோ புல்லட்டை ஒன்றேகால் கிலோ அழுத்தமே தூக்கிவிடும். சிறுவனும் செய்யலாம், அபாயமும் அதிலேயே உளது. எளிதில் எழுவதனால் அது நிலைத்து நிற்குமென்று நம்பி விடுகின்றோம். பிராமாவின் முதல் யந்திரத்துக்கே பெருந்தொல்லை தந்தது எண்ணெய்க்கசிவு போன்ற நீர்க்கசிவுதான். இன்றும் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால், இரவு தூக்கிய வண்டி காலையில் தாழ்ந்திருக்கும். ஆதலின் குறுக்குக் கம்பியோ பூட்டுப்பல்லோ இல்லாத எண்ணெயழுத்தச் சாதனத்தை, எத்துணை மலிவாயினும் வாங்கற்க. உள்ளதாயின் பூட்டை இடாமல் வேலை தொடங்கற்க. பாட்டில் ஜாக்கி தனித்து நிற்கும் தாங்கு அன்று. அதனால் உயர்த்திய பின் பாரத்தை மரக்கட்டைகளின்மேல் அமர்த்திவிடுதல் வேண்டும்.

5. உயர்த்து மேடை. வண்டி முழுவதையும் ஏற்றி இடுப்பளவுக்கு உயர்த்தும் இது பட்டறைக்கே உரியது. குனியாமல் வேலை செய்யலாம் என்பது இதன் பெருநன்மை. ஆயினும் விலை பல பதினாயிரம் ரூபாயாகும். ஆளின் நீளத்தினும் மிக்க இடத்தை அடைத்துக்கொள்ளும். மேடைமேல் ஏற்றினாலும் சக்கரம் மேடையைத் தொட்டுக்கொண்டே நிற்குமாதலின், அதனைச் சுழற்றுதற்கு மீண்டும் ஒரு ஸ்டாண்டு வேண்டியதாகின்றது. முதுகுவலி உடையவரும், பல வண்டிகளைப் பேணுவோரும் அன்றிப் பிறர் இதனை விரும்புதல் வேண்டா.

ஊஞ்சல் வளையத்தில் செயின் பிளாக்கை மாட்டி வண்டியைத் தூக்கலாமே என்று சிலர் வினவக்கூடும். அவ்வளையம் உத்திரத்தோடு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளதென்று கட்டியவரே சொன்னாலன்றி அதனை நம்பலாகாது. ஆடும் குழந்தையின் எடை வேறு. தொங்கும் யந்திரத்தின் எடை வேறு.

விலையைக் கணக்கிடும் முறை

ஒரு சாதனத்தின் விலையை, அது பயன்படும் முறைகளால் வகுத்துப் பார்த்தலே அறிவுடைமை. 3,000 ரூபாய்க்கு ஒரு பேடாக் ஸ்டாண்டு வாங்கி, ஆண்டுக்கு இருபது முறையாக ஐந்தாண்டு பயன்படுத்தினால், முறைக்கு 30 ரூபாய் ஆகும். 60,000 ரூபாய்க்கு மேடை வாங்கினாலோ முறைக்கு 600 ரூபாய் ஆகும். நான்கு நண்பர் கூடி ஒரு ஸ்டாண்டை வாங்கினால் ஒருவர் பங்கு 750 ரூபாயே. கல்லூரி விடுதியில் இஃது எளிதிற் கைகூடும். ஆனால் நால்வர் வண்டிகளின் பாபின் அளவும் ஸ்விங் ஆர்மின் அகலமும் வேறுபடுமாதலின், அகலத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஸ்டாண்டையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வித்தலும் உண்டு. தகுந்த குழாயும் தேர்ந்த கையும் வாய்ப்பின் அது நன்றே. ஆயினும் வெல்டிங் ஒட்டு ஒன்று விட்டாலும் முழுப்பாரமும் ஒரே கணத்தில் வீழும். ஒட்டு மேடுபள்ளமின்றிக் குழாயைச் சுற்றி முழுதும் ஓடியிருக்கின்றதா என்று நோக்குக. பெயின்டின் அடியில் ஒட்டை மறைத்துக் கொடுப்பின் பெற வேண்டா. கடையில் வாங்கும்போதும் இதே சோதனை வேண்டும். மேலும், 500 கிலோ தாங்கும் என்று எழுதியிருத்தலைக் கண்டு மயங்கற்க. அவ்வெண் நேர்கீழாக அழுத்தும் பாரத்தைக் குறித்ததேயன்றி, பக்கவாட்டில் ஸ்பானர் இழுக்கும் விசையைக் குறித்ததன்று. அடியின் அகலத்தையும் பிடியின் நீளத்தையும் தம் கையால் அளந்து பார்ப்பவரே ஏமாறாதவர்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

சாதனம் எதுவாயினும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

தரை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். மண் தரையிலாயின் தடித்த பலகையை விரித்து, வண்டியும் சாதனமும் அதன்மேல் நிற்குமாறு செய்க. வழவழப்பான ஓட்டுத் தரையில் சிந்திய எண்ணெயை முன்னரே துடைத்துவிடுக.

அச்சின் பெரிய நட்டைச் சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே சிறிது நெகிழ்த்துவிடுக. மீண்டும் இறுதியாக முடுக்குவதையும் சக்கரம் தரையில் இறங்கிய பின்னரே செய்க. மிகுந்த விசை வேண்டும் செயல் எதனையும் உயர்ந்து நிற்கும் வண்டியின்மேல் செய்யலாகாது. நம் நண்பர் இவ்வொரு விதியைப் பேணியிருந்தாலே வண்டி வீழ்ந்திராது.

ஸ்டாண்டினின்று இறக்குமுன் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுக. தனியே வேலை செய்வோர் இதனை மறந்து, இறங்கிய வண்டியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் ஒன்றும் செய்யமாட்டாது திகைப்பதுண்டு. முதன்முறை செய்வோர் துணையாள் ஒருவரின்றித் தொடங்கவே வேண்டா.

சக்கரத்தைக் கழற்றியவுடன் எடை மறுபுறம் மிகும் என்பதை மறவற்க. முன்சக்கரத்தை நீக்கினால் பின்புறம் தாழ முயலும். பின்சக்கரத்தை நீக்கினால் முன்புறம் தாழும். மிகும் பக்கத்தில் முன்னதாகவே கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து வைக்க.

செயினைத் துடைக்கும்போது எஞ்சின் அணைந்தும் கியர் நியூட்ரலிலும் இருத்தல் வேண்டும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுக. கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஓடும் செயினின்மேல் துணியைப் பிடிப்போர் உளர். துணியின் ஒரு நூலிழை பற்சக்கரத்திற் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரமிராது. துணியோடு விரலும் செல்லும். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஐந்து விரலைப் பணயம் வைத்தல் எவ்வகைச் சிக்கனம்? கழுவுதற்கு மண்ணெண்ணெய் ஏற்றது. பெட்ரோல் செயினிலுள்ள ரப்பர் வளையங்களைக் கெடுப்பதோடு தீக்கும் இடமளிக்கும்.

வேலை முடியும்வரை குழந்தைகளை அவ்விடத்தில் அமரவிடலாகாது. சக்கரம் சுழலுதல் அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். உயர்ந்து நிற்கும் வண்டியைத் தனியே விட்டு உணவுக்குச் செல்வதும் கூடாது. செல்ல நேர்ந்தால் வண்டியை இறக்கிவிட்டே செல்க.

முடிவுரை

சுருங்கக் கூறின், சென்டர் ஸ்டாண்டு உள்ளவர்க்கு அதுவும் இரண்டு மரக்கட்டைகளும் போதும். அஃதில்லாதவர் பொருளில்லாவிடில் வண்டியைச் சாண் சாணாகத் தள்ளியோ, கைத்தாங்கு வைத்தோ செயினைப் பேணுக. சிறிது பொருளுள்ளவர் அகன்ற அடியும் நீண்ட பிடியும் உடைய பேடாக் ஸ்டாண்டை வாங்குக. திருகு ஜாக்கியும் எண்ணெயழுத்த ஜாக்கியும் தக்க சட்டமுடைய வண்டிகளுக்கு மட்டும், பூட்டும் கட்டையும் துணைவர ஏற்பன. மேடை பட்டறைக்கு உரியது.

நம் நண்பர் இப்போது ஒரு பேடாக் ஸ்டாண்டு வைத்திருக்கின்றார். நாம் மூவர் அதற்குப் பங்கு கொடுத்தோம். ஞாயிறு மாலைகளில் அத்தாழ்வாரத்தில் நான்கு வண்டிகளும் முறையே உயர்ந்து தாழ்கின்றன. உடைந்த ஓடுகள் இரண்டும் இன்னும் மாற்றப்படவில்லை. மாற்ற வேண்டாமென்று நண்பரே தந்தையாரிடம் கேட்டுக்கொண்டார். அவர் தங்கை வாயிற்படியின் உட்புறத்தில் அமர்ந்து, எந்த ஸ்பானர் எந்த நட்டுக்கு என்று எங்களுக்கே சொல்லித்தருகின்றாள். அவள் அங்கு அமர்ந்திருப்பதைக் காணுந்தோறும், தாங்குவது எதுவெனக் கேளாமல் எதனையும் உயர்த்தலாகாது என்னும் பாடம் எங்களுக்குப் புதிதாகின்றது.